லினக்ஸ் சர்வரில் யாருக்குக் கணக்கு இருக்கிறது, யார் வந்துபோனார்கள்: டெர்மினலிலிருந்தே பார்ப்பது எப்படி?

கேள்வி இது: வேறொருவர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு லினக்ஸ் சர்வர் இப்போது என் பொறுப்பில் வந்திருக்கிறது. பயனர் பட்டியலைத் திறந்தால் நாற்பதுக்கும் மேல் பெயர்கள். எனக்குத் தெரிந்தது மூன்றே மூன்று. அந்த மூவரில் ஒருவர் தினமும் கோப்புகளை ஏற்றுவதாகச் சொல்கிறார், ஆனால் ‘லாஸ்ட்’ கட்டளையில் அவர் பெயரே வரவில்லை. யாருக்கெல்லாம் கணக்கு இருக்கிறது, யார் எப்போது வந்தார்கள் என்பதைக் கட்டளை வரியிலேயே முழுதாகத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

வழி உண்டு, ஆனால் ஒரே கட்டளையில் முடியாது. நீங்கள் கேட்டிருப்பதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. யாருக்குக் கணக்கு இருக்கிறது? இந்த நேரத்தில் யார் உள்ளே இருக்கிறார்கள்? இதுவரை யார் வந்துபோனார்கள்? மூன்றுக்கும் சர்வர் தனித்தனிக் கோப்புகளை வைத்திருக்கிறது. நாம் அடிக்கும் கட்டளைகள் அந்தக் கோப்புகளை வாசித்துக் காட்டுகின்றன, அவ்வளவுதான். கோப்பில் யாரும் எழுதாத விஷயம் திரையிலும் வராது. உங்கள் நண்பர் காணாமல்போன மர்மமும் இதற்குள்தான் இருக்கிறது, சற்றுப் பொறுங்கள்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன். அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்துதான், பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். பாஸ்வேர்ட் என்று வரும் கோப்புப் பெயரிலும் கட்டளையிலும் ஓ, ஆர் என்ற இரண்டு எழுத்துகள் கிடையாது. பழைய யூனிக்ஸ்காரர்களுக்கு எழுத்தை மிச்சம் பிடிப்பதில் அப்படி ஒரு ஆசை.

முதலில் கணக்குகள். /இடிசி/பாஸ்வேர்ட் கோப்பை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கின் அனுமதி தேவையில்லை. ஒரு வரிக்கு ஒரு கணக்கு. ஒரு வரியை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம்:

மலர்:எக்ஸ்:1004:1004:மலர், கணக்குப் பிரிவு:/ஹோம்/மலர்:/பின்/பாஷ்

முக்காற்புள்ளியால் பிரிந்த ஏழு பகுதிகள். முதலில் பெயர். இரண்டாவதாக இருக்கும் எக்ஸ், ‘பாஸ்வேர்ட் இங்கே இல்லை, வேறு கோப்பில் பூட்டி வைத்திருக்கிறது’ என்பதற்கு அடையாளம். மூன்றாவது பயனர் எண், நான்காவது முதன்மைக் குழுவின் எண். ஐந்தாவது முழுப் பெயர், பிரிவு போன்ற விவரங்களுக்கு. பலர் இதைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். ஒரு கணக்கு யாருடையது என்று பிற்பாடு தெரியவைக்கும் இடம் அதுதான், இனி நீங்கள் உருவாக்கும் கணக்குகளிலாவது நிரப்பிவையுங்கள். ஆறாவது ஹோம் ஃபோல்டர். ஏழாவது, உள்ளே வந்ததும் ஓட வேண்டிய ஷெல், அதாவது நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரல்.

இதில் கவனிக்க வேண்டியது மூன்றாவது எண். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குப் பெயர் முக்கியமே இல்லை, எண்தான் ஆள். 0 என்றால் ரூட். 1 முதல் 999 வரை வெப் சர்வர், டேட்டாபேஸ், மெயில் போன்ற சேவைகளுக்காக உருவான கணக்குகள். மனிதர்களுக்கான கணக்குகள் இப்போதைய லினக்ஸ் விநியோகங்களில் (டெபியன், உபுண்டு, ரெட் ஹேட் போன்றவை) 1000-இல் தொடங்குகின்றன. ரெட் ஹேட் 6-ஆம் பதிப்பு வரை 500-இல் தொடங்கின, பழைய சர்வரிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த கணக்குகளில் இன்னும் அந்த எண்களைப் பார்க்கலாம். 65534 என்ற எண்ணில் ‘நோபடி’ என்று ஒருவர் இருப்பார், அவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆக, உங்கள் நாற்பதில் பெரும்பாலானவை ஆட்களே அல்ல. வடிகட்டிப் பாருங்கள்:

ஆக் -எஃப்: '$3 >= 1000' /இடிசி/பாஸ்வேர்ட்

இதில் எஃப் பெரிய எழுத்து. பட்டியல் ஒரேயடியாகச் சுருங்கிவிடும். கையோடு இன்னொன்றும் ஓட்டுங்கள்:

ஆக் -எஃப்: '$3 == 0' /இடிசி/பாஸ்வேர்ட்

இதற்கு ரூட் என்ற ஒரே ஒரு வரிதான் வர வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியில் மட்டும் ‘டூர்’ என்று இரண்டாவது ரூட் கணக்கை அவர்களே வைத்திருப்பார்கள், அது வழக்கம். லினக்ஸில் 0 எண்ணுடன் இரண்டாவது பெயர் ஒன்று வந்தால், இந்தப் பதிலை வாசிப்பதை நிறுத்திவிட்டு அதை யார் வைத்தார்கள் என்று விசாரிக்கத் தொடங்குங்கள்.

ஷெல் பகுதியில் ‘நோலாகின்’ அல்லது ‘ஃபால்ஸ்’ என்று இருந்தால் அந்தக் கணக்கால் உள்ளே வரவே முடியாது என்று பலரும் நம்புகிறார்கள். பாதிதான் உண்மை. அவருக்கு ஷெல் கிடைக்காது, அதாவது கட்டளை அடிக்க முடியாது. ஆனால் பாஸ்வேர்டோ, அதற்குப் பதில் காட்டும் சாவிக் கோப்போ சரியாக இருந்தால், வலை வழியாக ஆட்களை உள்ளே விடும் எஸ்எஸ்ஹெச் அவரை அடையாளம் கண்டு ஏற்றுக்கொள்ளும். அதன்பின் ஷெல் தேவைப்படாத வேலைகள் நடக்கும். வேறு நிரல்களின் போக்குவரத்தை இந்த இணைப்பின் வழியாகக் கடத்தும் போர்ட் ஃபார்வர்டிங் அப்படிப்பட்டது. எஸ்எஸ்ஹெச் அமைப்பில் உள்ளமைந்த எஸ்எஃப்டிபி-ஐ நிர்ணயித்திருந்தால் கோப்பு ஏற்றுவதும் இறக்குவதும்கூட நடக்கும். ‘நோலாகின்’ என்று பார்த்ததும் அந்த வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

அப்புறம், இந்தக் கோப்பு மட்டுமே முழுப் பட்டியல் என்றும் நினைக்கக் கூடாது. பயனர்களை எல்டாப், ஆக்டிவ் டைரக்டரி போன்ற ஒரு மைய இடத்தில் வைத்திருக்கும் நிறுவனங்களில் அவர்கள் பெயர் இந்தக் கோப்பில் இருக்கவே இருக்காது, ஆனாலும் உள்ளே வருவார்கள். அதனால் கோப்பை நேரடியாகத் திறப்பதைவிட ‘கெட்என்ட் பாஸ்வேர்ட்’ என்று கேட்பது நல்லது. கெட் என்பதையும் என்ட் என்பதையும் இடைவெளியில்லாமல் சேர்த்து அடிக்க வேண்டும். இது /இடிசி/என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பில் குறித்திருக்கும் எல்லா இடங்களிலும் போய்க் கேட்டுவிட்டு வரும். இதிலும் ஒரு பொறி உண்டு. எஸ்எஸ்எஸ்டி என்ற இணைப்புச் சேவை வழியாக டொமைனோடு, அதாவது அந்த மையப் பட்டியலோடு, இணைத்த சர்வரில், மொத்தப் பட்டியலைக் கொடுக்கும் வசதி இயல்பாகவே அணைந்திருக்கும். பெயர் சொல்லாமல் கேட்டால் உள்ளூர்க் கணக்குகள் மட்டும் வரும். பெயரைச் சொல்லி, ‘கெட்என்ட் பாஸ்வேர்ட் மலர்’ என்று கேட்டால் டொமைன் கணக்கும் வந்து நிற்கும். பட்டியலில் பெயர் இல்லை என்பதை வைத்துக் கணக்கே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

ஒருவரைப் பற்றி மட்டும் தெரிய வேண்டுமென்றால் ‘ஐடி மலர்’ போதும். எண், முதன்மைக் குழு, மற்றக் குழுக்கள் எல்லாம் ஒரே வரியில். குழுக்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன். டெபியன், உபுண்டுவில் ‘சூடோ’, ரெட் ஹேட் வகையறாவில் ‘வீல்’. இந்தக் குழுவில் இருப்பவர் சூடோ கட்டளை வழியாக ரூட் வேலைகளைச் செய்யக்கூடியவர். ‘டாக்கர்’ குழுவில் இருப்பவரும் நடைமுறையில் ரூட்தான், டாக்கர் உருவாக்கும் தனிப் பெட்டி போன்ற ஒரு கண்டெய்னருக்குள் சர்வரின் மொத்த டிஸ்கையும் இணைத்து அவரால் எதையும் மாற்ற முடியும். இதை அறியாமல் தாராளமாக அந்தக் குழுவில் ஆள் சேர்த்திருக்கும் சர்வர்கள் நிறைய. சூடோ அனுமதிகள் துல்லியமாகத் தெரிய ‘சூடோ -எல் -யு மலர்’ என்று ரூட்டாக இருந்து கேளுங்கள், யு மட்டும் பெரிய எழுத்து. அமைப்புக் கோப்புகளை நீங்களே வாசித்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

/இடிசி/குரூப் கோப்பில் ஒரு குழுவின் உறுப்பினர் பட்டியலைப் பார்க்கும்போது, அந்தக் குழுவையே முதன்மைக் குழுவாகக் கொண்டவர்கள் அதில் வரமாட்டார்கள். அவர்கள் விவரம் பாஸ்வேர்ட் கோப்பின் நான்காவது பகுதியில் இருக்கிறது. இன்னொரு குழப்பமும் அடிக்கடி வரும். ஒருவரைப் புதிதாகக் குழுவில் சேர்க்கிறீர்கள், ‘ஐடி மலர்’ என்றால் குழு தெரிகிறது, ஆனால் மலர் தன் டெர்மினலில் வெறும் ‘ஐடி’ என்று அடித்தால் தெரியவில்லை. இரண்டும் சரிதான். பெயரோடு கேட்டால் கோப்பிலிருந்து பதில் வருகிறது, பெயரில்லாமல் கேட்டால் ஓடிக்கொண்டிருக்கும் ஷெல்லிடமிருந்து வருகிறது. அந்த ஷெல், குழுவில் சேர்ப்பதற்கு முன்பே பிறந்தது. வெளியே போய்த் திரும்ப உள்ளே வந்தால் சரியாகிவிடும்.

சரி, பாஸ்வேர்ட் நிலவரம். அது /இடிசி/ஷேடோ கோப்பில் இருக்கிறது, ரூட் மட்டும்தான் பார்க்கலாம். அதை அப்படியே திறந்து வாசிக்கத் தேவை அபூர்வம். ‘சேஜ் -எல் மலர்’ என்று கேட்டால் பாஸ்வேர்ட் கடைசியாக எப்போது மாறியது, எப்போது காலாவதியாகும், கணக்கே எப்போது முடிகிறது என்று தேதிகளாகவே சொல்லிவிடும். சேஜ் என்பதில் ஐந்து எழுத்துகள்: சி, ஹெச், ஏ, ஜி, இ. கோப்பில் அந்தத் தேதிகள் 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனையாவது நாள் என்ற எண்ணாகத்தான் கிடக்கும். கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

பூட்டியிருக்கிறதா என்று பார்க்க ‘பாஸ்வேர்ட் -எஸ் மலர்’, எஸ் பெரிய எழுத்து. விடையின் இரண்டாவது சொல்லைப் பாருங்கள். டெபியன் வகையில் பி என்றால் பாஸ்வேர்ட் இருக்கிறது, எல் என்றால் பூட்டப்பட்டிருக்கிறது, என்பி என்றால் பாஸ்வேர்டே இல்லை. ரெட் ஹேட் வகையில் பிஎஸ், எல்கே, என்பி என்று வரும். என்பி வந்தால் உடனே கவனியுங்கள்.

இந்த எல்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை ‘பாஸ்வேர்ட் -எல்’ கொடுத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். பூட்டியது பாஸ்வேர்டை மட்டும். ஷேடோ கோப்பில் இருக்கும் அந்தச் சங்கேதச் சரத்தின் முன்னால் ஓர் ஆச்சரியக்குறி சேர்ந்ததால் இனி எந்தப் பாஸ்வேர்டும் பொருந்தாது, அவ்வளவுதான். அவருடைய எஸ்எஸ்ஹெச் சாவி ஹோம் ஃபோல்டரில் அப்படியே இருந்தால், பெரும்பாலான விநியோகங்களின் இயல்பு அமைப்பில் அவர் சாவியைக் காட்டி எப்போதும்போல் உள்ளே வரலாம். கணக்கையே மூட வேண்டுமானால் காலாவதித் தேதியைப் பழைய தேதியாக வைக்க வேண்டும்: ‘யூசர்மாட் -இ 1 மலர்’. 1970 ஜனவரி 2-ஆம் தேதியே கணக்கு முடிந்துபோனதாக ஆகிவிடும், பாஸ்வேர்டும் செல்லாது, சாவியும் செல்லாது. ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு மட்டும் இதனால் துண்டிக்கப்படாது, அதைத் தனியாக வெளியேற்ற வேண்டும்.

இந்த விவரங்களில் பலவற்றை ஒரே அட்டவணையாகப் பார்க்க ‘எல்எஸ்லாகின்ஸ்’ என்று ஒரு கட்டளை யூட்டில்-லினக்ஸ் தொகுப்பிலேயே வருகிறது. ‘எல்எஸ்லாகின்ஸ் -யு’ என்றால் மனிதக் கணக்குகள் மட்டும், கடைசி வருகையோடு சேர்த்து. ஏனோ இது அவ்வளவாகப் பிரபலமாகவில்லை. உங்கள் நிலையில் இருந்தால் நான் முதலில் ஓட்டுவது இதைத்தான்.

இரண்டாவது கேள்வி, இப்போது யார் உள்ளே? ‘ஹூ’ அடித்தால் பெயர், டெர்மினல், வந்த நேரம், எங்கிருந்து என்பது வரும். ‘டபிள்யூ’ என்ற ஓரெழுத்துக் கட்டளை இதோடு எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறார், என்ன ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்பதையும் காட்டும். டெர்மினல் பகுதியில் பிடிஎஸ் என்று இருந்தால் வலை வழியாகவோ ஒரு டெர்மினல் ஜன்னலிலிருந்தோ வந்தவர், டிடிஒய்1 போல இருந்தால் கணினியின் முன்னாலேயே உட்கார்ந்திருப்பவர். சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள சர்வரில் ‘லாகின்சிடிஎல் லிஸ்ட்-செஷன்ஸ்’ இன்னும் முழுமையானது, ஏனென்றால் அது டெர்மினல் இல்லாமல் வந்தவர்களையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ‘லாகின்சிடிஎல் யூசர்-ஸ்டேட்டஸ் மலர்’ என்றால் அவருடைய ப்ராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்) அனைத்தையும் மரம்போல் விரித்துக் காட்டும்.

‘ஹூஆம்ஐ’ என்று சேர்த்து அடிப்பதும் ‘ஹூ ஆம் ஐ’ என்று பிரித்து அடிப்பதும் வேறு வேறு. சூடோ மூலம் ரூட்டாக மாறிய பிறகு அடித்துப் பாருங்கள். சேர்த்து அடித்தால் ரூட் என்று வரும், பிரித்து அடித்தால் முதலில் எந்தப் பெயரில் உள்ளே வந்தீர்களோ அது வரும்.

இனி மூன்றாவது கேள்வி, உங்கள் நண்பரின் கதை. ‘லாஸ்ட்’ கட்டளை /வார்/லாக்/டபிள்யூடிஎம்பி என்ற கோப்பை வாசிக்கிறது. அது எழுத்துக் கோப்பு அல்ல, அதனால் நேரடியாகத் திறக்க முடியாது. வெளியீட்டின் ஒரு வரி ஏறத்தாழ இப்படி இருக்கும்:

மலர்  பிடிஎஸ்/1  203.0.113.24  மார்ச் 3  09:12 - 11:40  (02:28)

காலை 9:12-க்கு வந்து 11:40-க்குப் போனார், 2 மணி 28 நிமிடம் இருந்தார். அடைப்புக்குள் 1+02:28 என்று இருந்தால் ஒரு நாளும் 2 மணி 28 நிமிடமும். போன நேரம் இருக்க வேண்டிய இடத்தில் ‘க்ராஷ்’ என்று இருந்தால், அவர் உள்ளே இருக்கும்போதே சர்வர் முறையாக அணைக்கப்படாமல் விழுந்திருக்கிறது. அவர் ஏதோ செய்து கெடுத்தார் என்று அதற்கு அர்த்தமல்ல, பாவம் பலர் அப்படிப் பழி சுமந்திருக்கிறார்கள். ‘டவுன்’ என்றால் முறையாக அணைக்கப்பட்டபோது உள்ளே இருந்தார். ‘கான் - நோ லாக்அவுட்’ என்றால் போய்விட்டார், போனதற்குப் பதிவில்லை.

சும்மா ‘லாஸ்ட்’ என்று அடித்தால் ஆண்டு தெரியாது, நீளமான பெயர்கள் எட்டு எழுத்தில் வெட்டப்படும். ‘லாஸ்ட் -எஃப் -டபிள்யூ -ஐ’ என்று பழகிக்கொள்ளுங்கள், எஃப் மட்டும் பெரிய எழுத்து. முழுத் தேதி, முழுப் பெயர், ஐபி முகவரி மூன்றும் கிடைக்கும். வெளியீட்டின் கடைசி வரியைக் கட்டாயம் பாருங்கள். பதிவு எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று அதில் இருக்கும். டெபியனிலும் ரெட் ஹேட்டிலும் இந்தக் கோப்பு இயல்பாக மாதம் ஒருமுறை சுழற்றப்பட்டு, முந்தைய ஒன்று மட்டும் மிச்சம் வைக்கப்படுகிறது. ஆறு மாதத்துக்கு முன் வந்தவரை இங்கே தேடினால் எப்படிக் கிடைப்பார்? முந்தைய கோப்பைப் பார்க்க ‘லாஸ்ட் -எஃப் /வார்/லாக்/டபிள்யூடிஎம்பி.1’. இங்கே எஃப் சிறிய எழுத்து.

நண்பர் தினமும் வருகிறாரே, அவர் ஏன் இல்லை? எஸ்எஸ்ஹெச் சர்வர் இந்தக் கோப்பில் ஒரு வரி எழுதுவது, வந்தவருக்கு ஒரு டெர்மினலை ஒதுக்கும்போதுதான். எஸ்எஃப்டிபி, எஸ்சிபி, ஆர்சிங்க் வழியாகக் கோப்பு ஏற்றுபவருக்கு டெர்மினல் ஒதுக்கப்படுவதில்லை. ‘எஸ்எஸ்ஹெச் சர்வர்பெயர் கட்டளை’ என்று ஒற்றைக் கட்டளையை ஓட்டிவிட்டுப் போகும் ஸ்கிரிப்ட்டுக்கும் இல்லை. அதனால் லாஸ்டிலும் வராது, ஹூவிலும் வராது. உங்கள் நண்பர் ஃபைல்ஜில்லா போன்ற ஒன்றைப் பயன்படுத்துகிறார் என்று ஊகிக்கிறேன். குறித்த நேரத்தில் தானாக ஓடும் க்ரான் வேலைகளும், சூடோ வழியாக வேறு பயனராக மாறுவதும் அப்படியே, லாஸ்டுக்குத் தெரியாது. ஆட்டோமேஷனில் ஓடும் சர்வர்களில் பெரும்பாலான வருகைகள் இந்த வகையாகவே இருக்கும். பாதுகாப்புச் சோதனைக்காக லாஸ்ட் பட்டியலை மட்டும் எடுத்துக் கொடுப்பது பாதி வருகைப் பதிவேட்டைக் கொடுப்பதுபோல்.

முழுக் கதை அத்தென்டிகேஷன் லாகில், அதாவது உள்ளே வரும் முயற்சிகளின் பதிவில், இருக்கிறது. டெபியன், உபுண்டுவில் /வார்/லாக்/ஆத்.லாக், ரெட் ஹேட் வகையில் /வார்/லாக்/செக்யூர். டெபியன் 12-லிருந்து, அந்தக் கோப்பை எழுதும் ஆர்சிஸ்லாக் இயல்பாக நிறுவப்படுவதில்லை, ஆகவே ஆத்.லாக் இல்லாமல் இருந்தால் பதற வேண்டாம், சிஸ்டம்டியின் பதிவான ஜர்னலில் கேளுங்கள்: ‘ஜர்னல்சிடிஎல் -யு எஸ்எஸ்ஹெச்’. ரெட் ஹேட்டில் கடைசிச் சொல் எஸ்எஸ்ஹெச்டி. அங்கே இப்படி ஒரு வரி கிடைக்கும்:

அக்செப்டட் பப்ளிக்கீ ஃபார் டெப்ளாய் ஃப்ரம் 203.0.113.24 போர்ட் 52144 எஸ்எஸ்ஹெச்2: ஈடி25519 எஸ்ஹெச்ஏ256: என்று தொடங்கி ஒரு நீண்ட கைரேகைச் சரம்

அந்தக் கடைசிச் சரம் பெரிய புதையல். ‘டெப்ளாய்’ என்ற ஒரே கணக்கை ஐந்து பேர் பகிர்ந்துகொள்ளும் இடங்கள் ஏராளம். பெயரை வைத்து யார் வந்தார் என்று சொல்லவே முடியாது. ஆனால் ஒவ்வொருவர் சாவிக்கும் கைரேகை வேறு. அந்தக் கணக்கின் ஹோம் ஃபோல்டருக்குள், புள்ளியில் தொடங்கும் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டரில் ‘ஆதரைஸ்டு கீஸ்’ என்ற கோப்பு இருக்கும், இரண்டு சொல்லுக்கும் நடுவில் அடிக்கோடு. அதன்மேல் ‘எஸ்எஸ்ஹெச்-கீஜென் -எல்எஃப்’ ஓட்டினால் அதிலுள்ள ஒவ்வொரு சாவியின் கைரேகையும் குறிப்புப் பெயரும் வரிசையாக வரும். லாகில் இருப்பதோடு ஒப்பிட்டால் எந்தச் சாவி எந்த நேரத்தில் வந்தது என்று தெரிந்துவிடும். குறிப்புப் பெயரை யாரும் எப்படியும் மாற்றி எழுதலாம், கைரேகையைத்தான் நம்ப வேண்டும். எந்தக் கைரேகையும் பொருந்தவில்லையென்றால், அந்தச் சாவி வேறெங்கோ வைக்கப்பட்டிருக்கிறது அல்லது பயன்படுத்திவிட்டு நீக்கப்பட்டிருக்கிறது. இரண்டுமே விசாரிக்க வேண்டிய விஷயம்.

இந்த லாகை வடிகட்ட ஏதாவது பழைய ஸ்கிரிப்ட் உங்களிடம் வந்து சேர்ந்திருந்தால் ஒன்றைச் சரிபாருங்கள். 2024-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.8-லிருந்து ஒவ்வோர் இணைப்பையும் ‘எஸ்எஸ்ஹெச்டி-செஷன்’ என்ற தனி நிரல் கவனிக்கிறது, லாகிலும் அந்தப் பெயரே வருகிறது. நிரலின் பெயர் சரியாக எஸ்எஸ்ஹெச்டி என்றே இருக்க வேண்டும் என்று தேடும் ஸ்கிரிப்ட்கள் பிழை எதுவும் காட்டாமல், ஒன்றுமே நடக்காததுபோல் வெறும் கையோடு திரும்பும். ஜர்னலைப் பொறுத்தவரை, அது டிஸ்கில் சேமிக்கப்படுகிறதா என்றும் பாருங்கள். /வார்/லாக்/ஜர்னல் என்ற ஃபோல்டர் இல்லையென்றால் பல அமைப்புகளில் நினைவகத்தில் மட்டும் இருந்து, ரீபூட் ஆனதும் அழிந்துபோகும்.

தோற்றுப்போன முயற்சிகளுக்கு ‘லாஸ்ட்பி’. இது பிடிஎம்பி கோப்பை வாசிக்கிறது, ரூட் தேவை. இதை ஏன் ஒளித்து வைக்கிறார்கள் என்று தோன்றலாம். அவசரத்தில் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் பாஸ்வேர்டை அடித்துவிடுவது மனித இயல்பு, அப்படி அடித்தது அப்படியே இந்தக் கோப்பில் பெயராகப் பதிந்திருக்கும். இணையத்தில் திறந்திருக்கும் எந்தச் சர்வரிலும் அட்மின், டெஸ்ட், உபுண்டு என்று முயன்று தோற்ற வரிகள் மலைபோல் குவிந்திருக்கும். அவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உண்மையாகவே இருக்கும் ஒரு கணக்கின் பெயரில் நிறையத் தோல்வி, அதைத் தொடர்ந்து ஒரு வெற்றி என்று இருந்தால் மட்டும் பயப்படுங்கள். ‘பாஸ்வேர்ட் சரியாகத்தான் அடிக்கிறேன், உள்ளே விடமாட்டேன் என்கிறது’ என்று யாராவது வந்தால் ‘ஃபெயில்லாக் --யூசர் மலர்’ ஓட்டிப் பாருங்கள், பலமுறை தவறாக அடித்துத் தற்காலிகமாகத் தடைபட்டிருக்கலாம்.

‘லாஸ்ட்லாக்’ என்று இன்னொன்று உண்டு, ஒவ்வொருவரும் கடைசியாக எப்போது வந்தார்கள் என்பதை மட்டும் காட்டும். உங்களுக்கு மிகவும் பயன்படும், ஏனென்றால் ‘ஒருமுறைகூட வரவில்லை’ என்று குறித்திருக்கும் மனிதக் கணக்குகளிலிருந்து விசாரணையைத் தொடங்கலாம். அந்தக் கோப்பின் அளவைப் பார்த்தால் மட்டும் அதிர்ச்சியாகிவிடும். பயனர் எண்ணையே இடமாகக் கொண்டு எழுதுவதால், டொமைனில் ஒருவருக்கு 200 கோடியை ஒட்டிய எண் இருந்தால், கோப்பு சுமார் 580 ஜிபி இருப்பதாக ‘எல்எஸ்’ சொல்லும். நடுவில் எல்லாம் வெற்றிடம், டிஸ்கில் உண்மையில் எடுத்திருப்பது சில கேபி. ‘டியூ’ கட்டளையில் பார்த்தால் உண்மை தெரியும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு திருப்பம்: உங்கள் சர்வர் புதிய பதிப்பாக இருந்தால் லாஸ்ட், லாஸ்ட்பி, லாஸ்ட்லாக் மூன்றுமே இல்லாமல் இருக்கலாம். இந்தக் கோப்புகளில் நேரத்துக்கு ஒதுக்கியிருப்பது 32 பிட்தான். 2038 ஜனவரி 19 அன்று உலகப் பொது நேரம் 03:14:07-ஐத் தாண்டினால் அதில் இடம் போதாது. கோப்பின் அமைப்பை மாற்றினால் பழைய நிரல்கள் எல்லாம் உடையும். ஆகவே புதிதாக டபிள்யூடிஎம்பிடிபி, லாஸ்ட்லாக்2 என்று இரண்டு வந்திருக்கின்றன, இரண்டும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் எழுதுகின்றன. 2025-இல் வெளிவந்த டெபியன் 13 பழைய மூன்றையும் கைவிட்டுவிட்டது. அங்கே ‘டபிள்யூடிஎம்பிடிபி லாஸ்ட்’ என்று கேட்க வேண்டும், அதற்கான தொகுப்பை முதலில் நிறுவிக்கொள்ள வேண்டும். தோற்ற முயற்சிகளுக்கு ‘எல்எஸ்லாகின்ஸ் --ஃபெயில்டு’. மேம்படுத்திய சர்வரில் பழைய டபிள்யூடிஎம்பி கோப்பு அப்படியே கிடக்கும், ஆனால் அதில் புதிதாக எதுவும் சேராது. பழைய தேதிகளோடு நின்றுபோன பட்டியலைப் பார்த்து ‘இத்தனை நாளாக யாரும் வரவில்லை’ என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

ஒருவர் உள்ளே வந்து, சூடோ போட்டு ரூட்டாகி, அங்கிருந்து வேறொரு பயனராகவும் மாறிவிட்டார். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? /ப்ராக் ஃபோல்டருக்குள் அந்த ப்ராசஸ் எண்ணில் ‘லாகின்யூஐடி’ என்று ஒரு கோப்பு இருக்கும், திறந்து பாருங்கள். முதலில் உள்ளே வந்தவரின் பயனர் எண் அதில் இருக்கும், எத்தனை முறை ஆள் மாறினாலும் அது மாறாது. 4294967295 என்ற விசித்திர எண் இருந்தால், யாரும் உள்ளே வந்து தொடங்கியதல்ல, சர்வர் தானாகத் தொடங்கிய சேவை என்று பொருள். நடப்பவற்றைப் பதிவுசெய்யும் ஆடிட்டி என்ற சேவை ஓடும் சர்வரில் இந்த எண்ணை வைத்தே ஒருவர் செய்த வேலைகளைக் கோத்து எடுக்கலாம், ‘ஏயூலாஸ்ட்’ என்ற கட்டளை லாஸ்டைப் போலவே அந்தப் பதிவிலிருந்து பட்டியல் போடும்.

ஆனால் ரூட் ஆனவரால் இந்தக் கோப்புகள் எதையும் திருத்த முடியும். ‘யூடிஎம்பிடம்ப்’ என்ற சாதாரணக் கருவி டபிள்யூடிஎம்பி-ஐ எழுத்தாக மாற்றும், திருத்திய எழுத்தைத் திரும்பக் கோப்பாகவும் மாற்றும். சந்தேகமான சர்வரின் லாகை அதே சர்வரில் வாசித்து நிம்மதி அடைய முடியாது, லாகை உடனுக்குடன் வேறொரு கணினிக்கு அனுப்பியிருந்தால்தான் நம்பலாம். இல்லையென்றால் இன்றிலிருந்தாவது அனுப்பத் தொடங்குங்கள்.

வேறு கணினி வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: மேக்கில் பாஸ்வேர்ட் கோப்பில் மனிதர்கள் இருக்கமாட்டார்கள், ‘டிஎஸ்சிஎல் . -லிஸ்ட் /யூசர்ஸ் யூனிக்ஐடி’ என்று கேட்க வேண்டும், யூசர்ஸில் முதல் எழுத்தும், யூனிக்ஐடியில் யு, ஐ, டி மூன்றும் பெரியவை. அங்கே மனிதர்கள் 501-இல் தொடங்குவார்கள். விண்டோஸில் ‘நெட் யூசர்’ பட்டியலைக் கொடுக்கும், பின்னால் பெயரைச் சேர்த்தால் கடைசி வருகை வரை சொல்லும். வரலாறு வேண்டுமென்றால் செக்யூரிட்டி நிகழ்வுப் பதிவில் 4624 வெற்றி, 4625 தோல்வி. அதில் வகை 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப், 3 என்றால் வலை வழி.

தெரியாத கணக்குகளை இப்போதே நீக்கிவிடலாமா என்று கை பரபரக்கும். நீக்காதீர்கள். மேலே சொன்ன காலாவதி முறையில் மூடிவைத்துச் சில வாரம் பாருங்கள். யாராவது அலறினால் தேதியை எடுத்துவிட்டால் போதும். மூடும் முன் ‘க்ரான்டேப் -எல் -யு பெயர்’ ஓட்டி அந்தப் பெயரில் ஏதாவது வேலை தானாக ஓடுகிறதா என்று பாருங்கள், மாதக்கடைசி பேக்கப் போனவரின் பெயரில் ஓடிக்கொண்டிருப்பது சர்வசாதாரணம். கடைசியில் நீக்கினாலும், அவருடைய கோப்புகள் ஹோம் ஃபோல்டருக்கு வெளியே எங்கெங்கோ இருக்கும். அவற்றின் உரிமையாளர் இடத்தில் இனி பெயருக்குப் பதில் வெறும் எண் தெரியும். நீக்கியது கடைசி எண்ணாக இருந்தால், ‘யூசர்ஆட்’ அடுத்து உருவாக்கும் கணக்குக்கு அதே எண்ணைக் கொடுத்துவிடும், புதிதாக வந்தவர் பழையவரின் கோப்புகளுக்கெல்லாம் சொந்தக்காரர் ஆகிவிடுவார். அதனால் நீக்கிய கையோடு ‘ஃபைண்ட் / -நோயூசர்’ ஓட்டி, அநாதையாக நிற்கும் கோப்புகளை வேறொருவர் பெயருக்கு மாற்றிவிட்டு, அதன்பிறகு புதுக் கணக்கைத் திறங்கள்.